களையில் மருந்து தேடுகிறவர்கள் செய்யும் தவறுகள்

சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழே இருக்கும் சமூகத் தோட்டத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் ஒரு செடியைக் கிள்ளிக் காட்டி, "அண்ணே, இது அதுதானே?" என்று கேட்கும்போதெல்லாம் எனக்குப் பழசு நினைவுக்கு வந்துவிடும். நான் அப்படிக் கேட்கக்கூட இல்லை, நேரே நட்டுவிட்டேன். கழுவிவிட்டுச் சமையுங்கள் என்பது போன்றவற்றை இங்கே சொல்லப்போவதில்லை.

பூவின் நிறத்தை மட்டும் பார்ப்பது

கரிசலாங்கண்ணியில் வெள்ளைப் பூ, மஞ்சள் பூ என்று இரண்டு உண்டு என அம்மா சொன்னது மட்டும் மனத்தில் இருந்தது. பக்கத்துப் பாத்திக்காரர் மஞ்சள் பூவோடு எதையோ பிடுங்கி எறிந்தார். மருந்தின் அருமை தெரியாத மனுஷன் என்று நினைத்து, நாலு தண்டை எடுத்து ஊன்றினேன். மண்ணைத் தொட்ட கணுவெல்லாம் வேர் விட்டது. முதலில் வல்லாரை போனது, அப்புறம் புதினா. பிடுங்கி முடிக்க மூன்று மாதம். அதற்குள் அந்த இலையை அரைத்து எண்ணெய் காய்ச்சி, ஊருக்குத் திரும்பிய அத்தையிடம் ஒரு பாட்டில் கொடுத்தும் அனுப்பிவிட்டேன். தேய்த்தாரா என்று இதுவரை கேட்கவில்லை.

நான் நட்டது கரிசலாங்கண்ணியே இல்லை; அது மத்திய, தென் அமெரிக்கப் பக்கத்துச் செடி. தரையை மூடி அழகாக இருக்கட்டும் என்று நட்டது பல நாடுகளில் பரவி, உலகின் மிக மோசமான 100 ஊடுருவும் உயிரினங்களின் பட்டியலில் ஏறிவிட்டது. ஆஸ்திரேலியாவில் அதற்குப் பெயரே 'சிங்கப்பூர் டெய்சி'. நம் தலையெழுத்து!

இலையைப் பாருங்கள். அந்தச் செடிக்கு இலை பளபளப்பாக, பெரும்பாலும் மூன்று மடலாகப் பிரிந்திருக்கும். மஞ்சள் கரிசலாங்கண்ணிக்கு நீண்ட இலை, மடல் பிரியாது. வெள்ளைப் பூ என்றால் இன்னும் சுலபம்: கசக்கினால் சாறு சற்று நேரத்தில் கறுக்கும்.

குப்பைமேனிச் சாற்றைப் பிள்ளைக்குப் புகட்டுவது

வயிற்றுப் பூச்சிக்குப் பாட்டி கொடுத்திருப்பார், சரி. ஆனால் ஜி6பிடி குறைபாடு (ரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி பிறவியிலேயே குறைவாக இருப்பது) உள்ளவர்களுக்கு அது ரத்தச் சிவப்பணுக்களை உடைத்ததாக மருத்துவப் பதிவுகள் உண்டு. சிங்கப்பூரில் பிறக்கும் குழந்தைகளுக்கு 1965 முதல் இந்தக் குறைபாட்டுக்கான சோதனை நடக்கிறது. குறைபாடு இல்லையென்றாலும் மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம்.

மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லியோடு நிறுத்திக்கொள்வது

முதலில் ரத்தப் பரிசோதனை.

பூங்காவில் பறிப்பது

அபராதம் கட்டுவீர்கள். வல்லாரை லிட்டில் இந்தியாவில் இருக்கும் தேக்கா சந்தையில் கட்டாகவே கிடைக்கிறது.