நிலவில் அப்போது பகல்: தொலைநோக்கி வழியே படம் எடுக்கும்போது நடக்கும் தவறுகள்

தொலைநோக்கி வாங்கிய பலர் பௌர்ணமிக்காகக் காத்திருக்கிறார்கள். நானும் காத்திருந்தேன். முழு நிலவு ஏறியதும் கேமராவைப் பொருத்தி நாற்பது படம் எடுத்தேன். நாற்பதும் சுண்ணாம்பு அடித்த தட்டுபோல் இருந்தன. மலையும் தெரியவில்லை, பள்ளமும் தெரியவில்லை. கருவியில்தான் கோளாறு என்று ஒரு வாரம் நினைத்துக்கொண்டிருந்தேன். கோளாறு நான் தேர்ந்தெடுத்த நாளில் இருந்தது.

பௌர்ணமியன்று சூரியன் நம் முதுகுக்குப் பின்னாலிருந்து நிலவின் மீது நேராக அடிக்கிறது. அதனால் அங்கே எந்த மேட்டுக்கும் நமக்குத் தெரியும்படி நிழல் விழுவதில்லை. கோயில் சிற்பத்தின் முகத்துக்கு நேரே ஃபிளாஷ் போட்டு எடுத்தால் எப்படிச் சப்பையாக வருமோ, அப்படித்தான் இதுவும். குழிகளும் மலைகளும் எழுந்து நிற்க வேண்டுமென்றால் வெளிச்சம் பக்கவாட்டில் சாய்ந்து வர வேண்டும். நிலவில் ஒளியும் இருளும் சந்திக்கும் எல்லைக்கோட்டை ஒட்டித்தான் அந்தச் சாய்ந்த வெயில் கிடைக்கும். வளர்பிறையில் அந்தக் கோடு ஓடும் இடமெல்லாம் அப்போதுதான் பொழுது விடிகிறது என்று பொருள்.

எந்த நாளில் எங்கே விடிகிறது என்று கணக்கிடச் செயலி எதுவும் தேவையில்லை. ராகுகாலம் பார்க்கும் தினசரி காலண்டர் தாளே போதும். திதி என்பது சூரியனுக்கும் சந்திரனுக்கும் இடையே கூடும் 12 பாகைக் கோணம். எல்லைக்கோடும் நிலவின் மேல் ஒரு நாளைக்கு ஏறக்குறைய அதே 12 பாகைதான் நகர்கிறது. ஆகவே வளர்பிறை சஷ்டியில் தியோஃபிலஸ் பள்ளம் விளிம்பு மின்ன நிற்கும். அஷ்டமி, நவமியில் அப்பெனைன் மலைத்தொடரைப் பிடிக்கலாம். நவமியில் டைக்கோ, கிளாவியஸ், பிளேட்டோ ஆகிய பள்ளங்கள் மூன்றும் வரிசையாக விடியும். ‘நேர்ச்சுவர்’ என்று அழைக்கப்படும் நூறு கிலோமீட்டருக்கு மேல் நீண்ட கருங்கோடும் அன்றுதான். தசமியில் 93 கிலோமீட்டர் அகலமுள்ள கோப்பர்நிக்கஸ். ஏகாதசியில் கஸெண்டி. நிலவு சற்றே ஆடி அசைவதால் அரை நாள் முன்பின் ஆகலாம், அவ்வளவுதான். பௌர்ணமியை முற்றிலும் ஒதுக்கவும் வேண்டாம். டைக்கோவிலிருந்து நாலாபுறமும் தெறித்து ஓடும் வெண்கதிர்கள் அன்றுதான் பளிச்சென்று தெரியும்.

இரவுப் படம் என்ற நினைப்பு

அடுத்த பெரிய தவறு கேமராவின் அமைப்பில் நடக்கிறது. சுற்றிலும் இருட்டு என்பதால் நாம் ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளியுணர்வை, ஏற்றி, ஷட்டரை நீண்ட நேரம் திறந்து வைக்கிறோம். கேமராவைத் தானியங்கியில் விட்டால் அதுவும் கறுத்த வானத்தைப் பார்த்து ஏமாந்து அதையேதான் செய்யும். ஆனால் நாம் படமெடுப்பது வெயிலில் கிடக்கும் பாறையை. அது விழும் ஒளியில் ஏறத்தாழ 12 சதவீதத்தைத்தான் திருப்பி அனுப்புகிறது. நிறத்தில் அது பழைய தார்ச்சாலைக்குப் பங்காளி. நண்பகல் வெயிலில் ஒரு தார்ச்சாலையை எடுக்க எவ்வளவு ஒளி போதுமோ, முழு நிலவுக்கும் ஏறக்குறைய அதுவே போதும். 1969இல் அப்பல்லோ 11 வீரர்கள் நிலவில் எடுத்த படங்களில் விண்மீன் இல்லாததற்கும் காரணம் இதுதான். வெயிலுக்கு ஏற்றபடி 1/250 வினாடி மட்டும் திறந்த ஷட்டரில் மங்கலான விண்மீன் எப்படிப் பதியும்? உங்கள் நிலவுப் படத்தைச் சுற்றியும் விண்மீன் இருக்காது. இருந்தால் அது பிறகு ஒட்டியது.

எண்களாகச் சொன்னால், 200 மில்லிமீட்டர் விட்டமும் 1200 மில்லிமீட்டர் குவியத்தூரமும் (ஒளி குவியும் இடம் வரையுள்ள தூரம்) உள்ள கருவி எஃப்/6, அதாவது குவியத்தூரம் விட்டத்தைப்போல் ஆறு மடங்கு. அதில் ஐஎஸ்ஓ 100 வைத்தால் முழு நிலவுக்கு 1/300 வினாடியில் தொடங்கலாம். பாதி நிலவின் ஒளி முழு நிலவின் ஒளியில் பாதி இருக்கும் என்று தோன்றும்; உண்மையில் பத்தில் ஒரு பங்குதான். எனவே அஷ்டமிக்கு 1/60 பக்கம் போக வேண்டும். மெல்லிய பிறைக்கு இன்னும் கூடுதலாக. பிறையின் இருண்ட பக்கத்தில் பூமியில் பட்டுத் திரும்பிய வெயிலான பூமியொளி மங்கலாகத் தெரியுமே, அது வேண்டுமானால் ஐஎஸ்ஓவைக் கூட்டி ஓரிரு வினாடி திறக்க வேண்டும். அப்போது பிறை வெளுத்துப்போகும். இரண்டையும் ஒரே படத்தில் பிடிக்க முயன்று இரண்டையும் இழப்பவர்கள் உண்டு. தனித்தனியாக எடுத்துச் சேர்ப்பதே வழி.

எடுத்த படத்தைத் திரையில் பார்த்து “நன்றாக இருக்கிறது” என்று முடிவு செய்யாதீர்கள். இருட்டில் அந்தத் திரை எல்லாவற்றையும் அழகாகக் காட்டும். படத்தின் இருளும் ஒளியும் எவ்வளவு என்று இடமிருந்து வலமாகக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தைப் பாருங்கள், அது வலது ஓரத்தில் முட்டிக்கொண்டு நின்றால் அங்கே விவரம் போய்விட்டது. வெண் சமநிலையைப் பகல் வெயிலுக்கு வைத்து, கேமரா சுருக்காத மூலக் கோப்பாக (ரா) சேமியுங்கள்.

குவியத்துக்கு எட்டாத கேமரா

நியூட்டன் வகைத் தொலைநோக்கியை (லென்ஸுக்குப் பதில் குழிக்கண்ணாடியால் ஒளியைக் குவிப்பது) வாங்கியவர்களை வயிற்றெரிச்சல் கொள்ள வைக்கும் விஷயம் ஒன்று உண்டு. கேமராவைத் தொலைநோக்கியோடு இணைக்கும் வளையமான டி-ரிங் வாங்கி, கண் வைத்துப் பார்க்கும் ஐபீஸ் இருந்த இடத்தில் கேமராவைப் பொருத்தி, குவியத் திருகை முழுக்க உள்ளே தள்ளியும் நிலவு கலங்கலாகவே நிற்கும். பொருத்தியதில் பிழை இல்லை. கேமராவின் சென்சார் டி-ரிங்கின் முகப்பிலிருந்து 55 மில்லிமீட்டர் பின்னால் உட்கார்ந்திருக்கிறது. கண்ணால் பார்ப்பதற்கென்றே வடிவமைத்த குழாயில் குவியம் அவ்வளவு தூரம் வெளியே வருவதில்லை. மிரர்லெஸ் கேமராவுக்கு மாறினால் தீருமா என்றால், சாதாரண டி-ரிங் அதிலும் அதே 55 மில்லிமீட்டரை நிரப்பிவிடும். மெல்லிய வகை அடாப்டர் கிடைத்தால்தான் பயன்.

எளிய தீர்வு, கேமராவுக்கு முன்னால் செருகும் பார்லோ லென்ஸ். அது குவியத்தை வெளியே தள்ளும், கூடவே நிலவையும் பெரிதாக்கும். முதன்மைக் கண்ணாடியைக் குழாய்க்குள் முன்னே நகர்த்துபவர்களும் இருக்கிறார்கள். புதிதாக வாங்கியவர் அந்தத் திருப்புளியைக் கையில் எடுக்காமல் இருப்பது நல்லது.

நிலவு சென்சாரில் எவ்வளவு பெரிதாக விழும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு: குவியத்தூரத்தை 110ஆல் வகுத்தால் போதும். 650 மில்லிமீட்டர் கருவியில் 6 மில்லிமீட்டர். 1200இல் 11. பெரும்பாலான கேமராக்களில் இருக்கும் ஏபிஎஸ்-சி சென்சாரின் உயரம் சுமார் 15 மில்லிமீட்டர். ஆக 650 கருவிக்கு இரண்டு மடங்கு பார்லோ கச்சிதம். 1200 கருவிக்கு அதே பார்லோவைப் போட்டால் நிலவு சட்டத்துக்கு வெளியே வழியும். அப்போது துண்டு துண்டாக எடுத்துத் தைக்க வேண்டும். தைக்கும் துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று கால் பங்காவது படிய வேண்டும், எல்லாவற்றுக்கும் ஒரே ஷட்டர் வேகம் இருக்க வேண்டும். இரண்டு மடங்கு பார்லோ ஒளியை நான்கில் ஒன்றாகக் குறைக்கும் என்பதையும் மறக்கக் கூடாது. பெட்டியின் மேல் “525 மடங்கு” என்று அச்சிட்டிருப்பதை நம்பிப் பெரிதாக்கிக்கொண்டே போகாதீர்கள். 60 மில்லிமீட்டர் விட்டமுள்ள லென்ஸ் 120 மடங்குக்கு மேல் காட்டுவது பெரிய கலங்கலை மட்டுமே.

இன்னொன்று: எளிய பெட்டித் தாங்கியில் நிற்கும் நியூட்டன் கருவியான டாப்சோனியன் குழாயின் வாயில் கேமராவைத் தொங்கவிட்டால் மூக்கு கீழே சாயும். பின்பக்கம் ஒரு எடையைக் கட்டுங்கள். கேமராவின் வாரை ஏதாவதொரு கைப்பிடியில் சுற்றி வையுங்கள். ஐபீஸைப் பிடிக்கும் அந்தச் சின்னத் திருகாணியை நம்பி அரை லட்ச ரூபாய்க் கேமராவைத் தொங்கவிடும் தைரியம் எனக்கில்லை. லென்ஸ் இல்லாததால் சில கேமராக்கள் ஷட்டரை அழுத்தவே விடாது. லென்ஸ் இன்றி இயங்க அனுமதிக்கும் அமைப்பு மெனுவுக்குள் எங்காவது ஒளிந்திருக்கும். கேமராவின் உடலுக்குள்ளேயே நடுக்கம் தணிக்கும் வசதி இருந்தால் அதை அணைத்துவிடுங்கள்.

மொட்டை மாடி என்னும் அடுப்பு

வெளிநாட்டு வழிகாட்டிகள் நிலவு தாழ்ந்திருக்கும்போது எடுக்காதீர்கள் என்று பக்கம் பக்கமாக எச்சரிக்கும். லண்டனில் கோடைகாலப் பௌர்ணமி அடிவானத்துக்குச் சற்று மேலேயே ஊர்ந்து போகும். அவர்கள் கவலை நியாயமானது. நாம் இருப்பது நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில். சென்னையில் நிலவு எந்த மாதத்திலும் உச்சத்தைக் கடக்கும்போது 48 பாகைக்குக் குறையாத உயரத்தில் இருக்கும், சில நாள்களில் தலைக்கு நேர் மேலேயே வரும். இந்தப் பாக்கியத்தை நாம் மொட்டை மாடியில் கொண்டுபோய்த் தொலைக்கிறோம்.

பகல் முழுவதும் வெயில் குடித்த கான்கிரீட் தளம் நள்ளிரவு வரை சூட்டைக் கக்குகிறது. அந்தச் சூடான காற்று நம் குழாய்க்கு முன்னால் நெளிந்து ஏறுகிறது. திரையில் நிலவின் விளிம்பு கொதிக்கும் கஞ்சிபோல் தளதளவென்று ஆடினால் குற்றவாளி பெரும்பாலும் காலடியில்தான் இருக்கிறது. சித்திரை, வைகாசியில் இது உச்சம். பொழுது சாயும்போதே தளத்தில் தண்ணீர் தெளித்துவிடலாம். மண் தரையோ புல்லோ உள்ள இடம் இருந்தால் இறங்கிவிடுவதே மேல். பக்கத்து வீட்டு ஏசியின் வெளிப்பெட்டிக்கு மேலாக நிலவு நிற்கிறதா என்றும் பாருங்கள். நின்றால், அது நகரும் வரை காத்திருங்கள்.

ஏசி அறையிலிருந்து தொலைநோக்கியை நேராக வெளியே கொண்டுவருவது இன்னொரு வகைத் தொல்லை. கடலோர ஊர்களின் ஈரக்காற்று பட்டதும் கண்ணாடி முழுக்க வியர்த்துவிடும். பதறிப்போய் வேட்டி முனையால் துடைத்தீர்களோ, பூச்சில் கீறல் நிரந்தரம். துடைக்காமல் விடுங்கள், தானே ஆறும். கண்ணாடிக்குச் சுற்றுக்காற்றின் வெப்பநிலைக்கு வர அரை மணியாவது, பெரிய கண்ணாடிக்கு ஒரு மணி நேரமாவது வேண்டும். ஈரத்தோடு மூடி போட்டு வைத்தால் பூஞ்சை பிடிக்கும்.

குவியப்படுத்துவதில் அவசரம் கூடாது. கேமராவின் நேரடித் திரையைப் பத்து மடங்கு பெரிதாக்கி, எல்லைக்கோட்டில் இருக்கும் ஏதாவதொரு பள்ளத்தின் விளிம்பைப் பார்த்துத் திருகுங்கள். கூர்மையைத் தாண்டிப் போய், திரும்பி வாருங்கள். அப்போதுதான் உச்சம் எது என்று தெரியும். இரவு குளிரக் குளிரக் குவியம் நகரும் என்பதால் அரை மணிக்கு ஒருமுறை சரிபாருங்கள். ஷட்டரை விரலால் அழுத்தாமல் டைமரிலோ ரிமோட்டிலோ விடுங்கள். டிஎஸ்எல்ஆர் என்றால் உள்ளிருக்கும் கண்ணாடி எகிறும் அதிர்ச்சியே படத்தைக் கலைக்கும். முன்கூட்டியே கண்ணாடியைத் தூக்கி வைக்கும் வசதியைப் பயன்படுத்துங்கள். மாடியில் துணி எடுக்க வருபவரின் காலடியும் படத்தில் பதியும். அவரைக் கோபித்துப் பயனில்லை, டைமரை மறுபடி அழுத்துங்கள்.

தொடரும் மோட்டார் இல்லாவிட்டால் பரவாயில்லை. பூமி சுழல்வதால் நிலவு வினாடிக்குச் சுமார் 15 வில்வினாடி (ஒரு பாகையில் 3600இல் ஒரு பங்கு ஒரு வில்வினாடி) நகர்கிறது. 1/60 வினாடியில் அது கால் வில்வினாடி, கண்ணுக்குத் தெரியாது. 1/15க்கு இறங்கினால் ஒரு வில்வினாடி, அதாவது நிலவின் தரையில் ஏறத்தாழ 1.9 கிலோமீட்டர் இழுவை. அங்கேதான் ஐஎஸ்ஓவை 400க்கு ஏற்றத் தயங்கக் கூடாது.

வளர்பிறை அஷ்டமி நிலவு நண்பகல் வாக்கிலேயே எழுந்துவிடுவதால் மாலை நான்கு மணிக்கே படம் எடுக்கும் ஆசை வரும். எடுக்கலாம். ஆனால் சூரியன் வானில் இருக்கும்போது மூடியில்லாத தொலைநோக்கியைக் குழந்தைகள் பக்கத்தில் விட்டு நகரவே கூடாது. நிலவைத் தேடிக் குழாயைத் துழாவவும் கூடாது. சூரியன் ஒரு கணம் குறுக்கே வந்தாலும் கண் போய்விடும்.

ஒரு படம் போதாது

எவ்வளவு சரியாகச் செய்தாலும் தனிப்படம் ஒன்றைக் காற்று எப்படியும் கலைத்திருக்கும். 200 மில்லிமீட்டர் கண்ணாடியால் கோட்பாட்டளவில் நிலவில் ஒரு கிலோமீட்டர் அளவுள்ளதைப் பிரித்துக் காட்ட முடியும். சாதாரண இரவில் காற்று அதை மூன்று, நான்கு கிலோமீட்டராக மழுக்கிவிடுகிறது. (அப்பல்லோ கொடி தெரியுமா என்று கேட்பவர்களுக்கு இதிலேயே பதில் இருக்கிறது.) ஆனால் காற்று இடையிடையே நொடியின் சிறு பங்கு நேரம் அடங்கும். ஒரு நிமிடக் காணொளியாகவோ, ஐம்பது ரா படங்களாகவோ எடுத்தால் அந்த நல்ல கணங்கள் சில அதில் சிக்கியிருக்கும். ஆட்டோஸ்டாக்கர்ட் போன்ற இலவச மென்பொருள் அவற்றைப் பொறுக்கி அடுக்கித் தரும். எல்லாவற்றையும் அடுக்குவது தவறு. சிறந்த பத்து, இருபது சதவீதம் போதும்.

அடுக்கிய பிறகு கூர்மையாக்கும் பட்டையை இழுக்கும்போதுதான் மனிதனுக்குப் பேராசை வருகிறது. பள்ளங்களின் விளிம்பைச் சுற்றி வெள்ளையும் கறுப்புமாக வளையம் தோன்றினால், ‘கடல்’ என்று அழைக்கப்படும் வழுவழுப்பான கருஞ்சமவெளிகள் மணல் தூவியதுபோல் ஆனால், நீங்கள் எல்லை தாண்டிவிட்டீர்கள். பாதிக்குத் திரும்புங்கள்.

கடைசியில் திசை. நியூட்டன் கருவியில் எடுத்த படம் தலைகீழாக இருக்கும்; 180 பாகை சுழற்றினால் சரி. நேராக்கும் மூலைக்கண்ணாடி வழியே எடுத்தால் இடவலம் மாறியிருக்கும், அதைச் சுழற்றிச் சரிசெய்ய முடியாது, புரட்ட வேண்டும். பிறையைச் சுழற்றும்போது கொஞ்சம் நிதானியுங்கள். வடக்கு நாடுகளின் படங்களில் பிறை நிமிர்ந்து நிற்கிறது என்பதற்காகப் பலர் நம் பிறையையும் நிமிர்த்தி வைத்துவிடுகிறார்கள். நம் ஊர் மேற்கு வானில் மூன்றாம் பிறை தோணிபோல் மல்லாந்துதான் கிடக்கும்.