‘குட்’ (could) எங்கே, ‘வாஸ் ஏபிள் டு’ எங்கே?

‘சிறு வயதில் என்னால் வேகமாக ஓட முடிந்தது’, ‘நேற்று கடைசிப் பேருந்தைப் பிடிக்க முடிந்தது’ என்று இரண்டிடத்திலும் நாம் ‘முடிந்தது’ என்றே சொல்வதால், ஆங்கிலத்தில் எழுதும்போதும் இரண்டுக்கும் ‘குட்’ என்ற துணைவினையையே போட்டுவிடுகிறோம். முதல் வாக்கியம் கடந்த காலத்தில் பொதுவாக இருந்த திறனைச் சொல்வதால், அங்கே ‘ஐ குட் ரன் ஃபாஸ்ட்’ என்பது சரியே. இரண்டாவது, ஒரு குறிப்பிட்ட வேளையில் முயன்று நிறைவேற்றிய செயல் என்பதால், ‘ஐ வாஸ் ஏபிள் டு கேட்ச் த லாஸ்ட் பஸ்’ என்றோ, ‘ஐ மேனேஜ்டு டு கேட்ச்’ என்றோ எழுத வேண்டும்; ‘ஐ குட் கேட்ச்’ என்று எழுதினால், உண்மையில் பிடித்தீர்களா, பிடிக்கும் வாய்ப்பு மட்டும் இருந்ததா என்பது படிப்பவருக்குத் தெளிவாகாது. நானும் வெகுகாலம் இப்படித்தான் தவறாக எழுதிவந்தேன்.

எதிர்மறையில் இந்தத் தொல்லை இல்லை: பேருந்தைத் தவறவிட்டிருந்தால் ‘ஐ குடன்ட் கேட்ச் இட்’ என்று தயங்காமல் எழுதலாம். காணுதல், கேட்டல், முகர்தல் போன்ற புலனறிவு வினைகளும் விதிவிலக்கானவை. ஒரே ஒருமுறை நேர்ந்ததைச் சொல்லும்போதும், ‘ஐ குட் ஸ்மெல் கேஸ்’ என்பதே ஆங்கிலத்தில் இயல்பான வழக்கு.