ருமட்டாய்டு வலி கிளம்பும் முன்னும், கிளம்பிய பின்னும்

கும்பகோணத்தில் ரவிக்கை தைத்துப் பிழைக்கிறேன். ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்று என் சீட்டில் எழுதியிருக்கிறது. முடக்குவாதம் என்பார்கள், எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் சரவாங்கி என்பார்கள். புதிதாக இந்த நோய் வந்தவர்கள் என் கடைக்கு வந்து கேட்பதை எல்லாம் இங்கே எழுதிவைக்கிறேன்.

கிருமியோடு சண்டை போட வேண்டிய நோய் எதிர்ப்புச் சக்தி, நம் உடம்பையே எதிரியாக நினைத்துத் தாக்குவதுதான் ஆட்டோ இம்யூன் நோய். அது தைராய்டைத் தாக்கலாம், கணையத்தைத் தாக்கலாம். லூபஸ் என்றால் தோல், சிறுநீரகம் என்று பல இடம். ருமட்டாய்டில் மாட்டிக்கொள்வது மூட்டுக்கு உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வு. அது வீங்கி, நீர் கோத்து, கவனிக்காமல் விட்டால் எலும்பையே அரித்துவிடும். நீங்கள் சாப்பிட்ட உருளைக்கிழங்கும் வாயுவும் இதைக் கொண்டுவரவில்லை. யாராவது அப்படிச் சொன்னால் மனதில் வாங்காதீர்கள்.

வயதான முழங்கால் தேய்மானத்துக்கும் இதற்கும் வித்தியாசம் காலையில் தெரியும். தேய்மான வலி வேலை செய்யச் செய்ய ஏறும். இதில் எழுந்தவுடன்தான் விரல்கள் மடங்காது. அரை மணி, ஒரு மணி நேரத்துக்கு மேலும் இறுக்கம் இருக்கும், நடமாட நடமாடத் தளரும். இரண்டு கையிலும் விரல் அடி மூட்டுகள் சேர்ந்தே வீங்கும். இந்த நோயைக் கண்டுபிடிக்க எடுக்கும் ஆர்.ஏ. ஃபேக்டர் (ருமட்டாய்டு ஃபேக்டர்) ரத்தப் பரிசோதனை மட்டும் போதாது. நோய் இல்லாதவருக்கும் அது பாசிட்டிவ் வரும், நோய் இருப்பவருக்கும் நெகட்டிவ் வரும். சிக்குன்குனியா வந்து போனவர்களுக்கு மாதக்கணக்கில் இதே மாதிரி மூட்டு வலி இருக்கும், அதனால் அந்தக் காய்ச்சல் வந்திருந்தால் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

வலி திடீரென்று கிளம்புவது போலத் தோன்றும். கவனித்தால் முன்பே சொல்லிவிட்டுத்தான் வரும். எனக்குக் கத்தரிக்கோல்தான் அடையாளம். காலையில் கடை திறந்ததும் அதன் பிடிக்குள் கட்டை விரலை விட்டுப் பார்ப்பேன். இறுகினால் அன்றைக்கு ஊக்கு தைக்கும் வேலையை எடுப்பதில்லை. உங்களுக்கு வளையலாக இருக்கலாம், மெட்டியாக இருக்கலாம், குக்கர் மூடியாக இருக்கலாம். அந்த ஒன்றைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். நாள்காட்டியில் அந்தத் தேதிக்குப் பக்கத்தில் எவ்வளவு நேரம் இறுக்கம், எந்த மூட்டு, முந்தின நாட்களில் என்ன நடந்தது என்று குறியுங்கள். சளிக் காய்ச்சல், தூக்கமில்லாத இரவுகள், மனக்கஷ்டம், மாத்திரை நிறுத்தியது, ஆவணி முகூர்த்தத்துக்காக ராத்திரி பகலாகத் தைத்தது: என் குறிப்பில் திரும்பத் திரும்ப வருபவை இவைதான்.

கிளம்பிவிட்டதா? முதலில் காய்ச்சல் இருக்கிறதா பாருங்கள். ஒரே ஒரு மூட்டு மட்டும் சிவந்து, கொதித்து, தொடவே முடியவில்லை என்றால் உள்ளே கிருமி புகுந்திருக்கலாம். நம் மாத்திரைகள் எதிர்ப்புச் சக்தியைக் குறைப்பவை. அதனால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள், நாளை என்று தள்ளாதீர்கள்.

அது இல்லையென்றால், மருத்துவர் எழுதிக்கொடுத்த தாளை எடுங்கள். உடம்பு நன்றாக இருக்கும்போதே, "ஏறினால் எந்த மாத்திரை, எத்தனை நாள், எப்போது உங்களைக் கூப்பிடணும்?" என்று கேட்டு எழுதி வாங்க வேண்டிய தாள் அது. ஸ்டீராய்டு மாத்திரை ஓரிரு நாளில் வலியை இறக்கிவிடும். 1948இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவமனையில் பிலிப் ஹென்ச் என்ற மருத்துவர் இந்த நோய்க்குத்தான் கார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டைக் கொடுத்துப் பார்த்தார், 1950இல் நோபல் பரிசும் கிடைத்தது. ஆனால் நீண்ட நாள் தானாக வாங்கிப் போட்டால் சர்க்கரை ஏறும், எலும்பு தேயும், கண்ணில் புரை விழும். நாள்பட எடுத்ததைச் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து. லேபிள் இல்லாத பொடி இரண்டே நாளில் அற்புதமாகக் கேட்கிறது என்றால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம், தொடவே வேண்டாம்.

காலை இறுக்கத்துக்கு வெதுவெதுப்பான நீரில் கையை வைத்து மெதுவாக மடக்கி நீட்டுங்கள். கொதிக்கும் வீக்கத்துக்குத் துண்டில் சுற்றிய ஐஸ். மூட்டுக்கு ஓய்வு கொடுங்கள், ஆனால் நாள் முழுக்கப் படுத்துவிடாதீர்கள். முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துத் தூங்கினால் அப்போதைக்குச் சுகமாக இருக்கும், பழகிவிட்டால் கால் மடங்கியபடியே நின்றுவிடும். துணி பிழிவது, குடம் தூக்குவது, தேங்காய் துருவுவது எல்லாம் வீட்டில் வேறு யாராவது செய்யட்டும். வாய்விட்டுக் கேளுங்கள், வீக்கம் வெளியே தெரியாத நாளில் வலி யாருக்கும் தெரியாது.

மெத்தோட்ரெக்ஸேட் பற்றி அழுத்திச் சொல்லணும். அது இந்த நோயை அடக்க வாரத்துக்கு ஒரு நாள் போடும் மாத்திரை. தினமும் போட்டு உயிரே போனவர்கள் உண்டு. எந்தக் கிழமை என்று அட்டையிலேயே பேனாவால் எழுதுங்கள். அதோடு சேர்த்துத் தரும் ஃபோலிக் ஆசிட் என்ற சத்து மாத்திரை எந்த நாளில் என்று மருத்துவர் சொல்வார். வேலை செய்ய ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும், அதற்குள் மருந்து கேட்கவில்லை என்று விட்டுவிடாதீர்கள். வலி போனதும் நிறுத்தினால் பெரும்பாலும் திரும்ப வரும். ரத்த அணுக்கள், கல்லீரல், சிறுநீரகப் பரிசோதனைகளைத் தவறவிடாதீர்கள். மது கூடாது. காய்ச்சலோ, வறட்டு இருமலோடு மூச்சுத்திணறலோ வந்தால் உடனே, அடுத்த மாத்திரை போடும் முன், மருத்துவரைக் கேளுங்கள். குழந்தை வேண்டுமென்றால் பல மாதம் முன்பே சொல்லி மருந்தை மாற்றிக்கொள்ள வேண்டும். கர்ப்ப காலத்தில் பலருக்கு வலி குறையும், பிரசவத்துக்கு அப்புறம் ஏறும். பிள்ளை பெற்ற வீட்டார் இதைத் தெரிந்துகொண்டால் அந்தப் பெண்ணைச் சோம்பேறி என்று சொல்ல மாட்டார்கள்.

பார்க்க வேண்டியது ருமட்டாலஜி மருத்துவரை, அதாவது மூட்டுவாத நோய்களுக்கான மருத்துவரை. சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் இதற்கென்று தனித் துறை இருக்கிறது, புதுச்சேரி ஜிப்மரிலும் உண்டு. போகும்போது நாள்காட்டிக் குறிப்பு, பழைய ரத்தப் பரிசோதனைத் தாள்கள், போடும் எல்லா மாத்திரைகளின் அட்டைகள், லேகியம் சூரணம் இருந்தால் அதுவும் ஒரே பையில் எடுத்துப் போங்கள்.