கரண்ட் போய் பிரவுசர் நின்றால், திறந்திருந்த பக்கங்களை மீட்கும் வழி

கார்த்திகை, மார்கழி மழையில் மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் கரண்ட் போய்ப் போய் வரும். ஒன்லைன் விண்ணப்பம் பாதியில் நிற்கும்போது கணினி அணைந்தால், பதறிப்போய் பிரவுசரைத் திறப்பதும் மூடுவதுமாக இருக்காதீர்கள். மீட்கக்கூடியதும் அதில்தான் அழிந்துபோகிறது.

திறந்திருக்கும் டேப்களின் விபரத்தை பிரவுசர் இடைக்கிடை டிஸ்கில் எழுதிவைக்கும். ஃபயர்பொக்ஸ் வழமையாக 15 செக்கனுக்கு ஒருமுறை. ஆனால் பழைய அமர்வுகளை (பிரவுசரைத் திறந்ததிலிருந்து மூடும்வரை இருந்த டேப்களை) எல்லாம் அது சேர்த்துவைப்பதில்லை. வெறும் பக்கத்தைத் திறந்து மூடி மறுபடி திறந்தால், அந்த வெறும் பக்கமே 'முந்திய அமர்வு' ஆகிவிடும்.

குரோமில் வலப்பக்க மேல் மூலையில் 'ரிஸ்டோர்' என்று சின்னப் பெட்டி வந்தால் உடனே அழுத்துங்கள். தவறவிட்டால் கன்ட்ரோல், ஷிஃப்ட், டி மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். பலமுறை முழு விண்டோவுமே திரும்பிவிடும்.

ஃபயர்பொக்ஸில் மெனு, ஹிஸ்டரி, 'ரிஸ்டோர் பிரீவியஸ் செஷன்'. அது மங்கிக் கிடந்தால் இன்னொரு வழி உண்டு. ஹெல்ப் மெனுவில் 'மோர் ட்ரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன்' போய் ப்ரொஃபைல் ஃபோல்டரைத் திறவுங்கள். உள்ளே 'செஷன்ஸ்டோர்-பேக்கப்ஸ்' இருக்கும்; முதலில் அதை அப்படியே டெஸ்க்டொப்பில் கொப்பி எடுங்கள். பிறகு ஃபயர்பொக்ஸை முழுதாக மூடுங்கள். கொப்பியில் 'ரெக்கவரி', 'பிரீவியஸ்' என்று தொடங்கும் கோப்புகளின் நேரத்தையும் அளவையும் பாருங்கள். கரண்ட் போன நேரத்துக்குப் பொருந்துவதை 'செஷன்ஸ்டோர்' என்று பெயர் மாற்றி (புள்ளிக்குப் பின் 'jsonlz4' என்றே இருக்க வேண்டும்; 'baklz4' என்று இருந்தால் அதையும் அப்படி மாற்றி) ப்ரொஃபைல் ஃபோல்டருக்குள் போட்டுத் திறவுங்கள். அங்கே அதே பெயரில் கோப்பு இருந்தால் அதன்மேல் மாற்றிவிடலாம்.

பிரைவேட் விண்டோவில் திறந்தவை எந்த வழியிலும் வராது. பணம் கட்டிய பக்கம் திரும்பி வந்து, படிவத்தை மீண்டும் அனுப்பவா என்று கேட்டால் சம்மதிக்க வேண்டாம். இரண்டு தரம் காசு கழியலாம். முதலில் வங்கிக் கணக்கைப் பாருங்கள்.

ஒரு டேப் மட்டும் நின்றால் மற்றவை பிழைக்கும். அனேகமாக மெமரி போதாமைதான். குரோமில் ஷிஃப்ட், எஸ்கேப் அழுத்தினால் எந்த டேப் அதிகம் தின்கிறது என்று தெரியும், அதை முடித்துவிடுங்கள்.

கல்முனையிலோ அக்கரைப்பற்றிலோ கொமினிகேஷன் கடையில் இருந்து விண்ணப்பித்தவர்களுக்கு இது மிக முக்கியம்: கரண்ட் போனதும் எழுந்து போய்விடாதீர்கள். அடுத்து வருபவர் 'ரிஸ்டோர்' அழுத்தினால் உங்கள் ஈமெயில் லொகின் ஆகியபடியே திறக்கும். காத்திருந்து, மீட்டு, லொக் அவுட் செய்துவிட்டே போங்கள். நிற்க நேரமில்லை என்றால், போனிலிருந்து அந்தக் கணக்கின் செக்யூரிட்டிப் பகுதிக்குப் போய், கடைக் கணினியை அங்கிருந்தே வெளியேற்றிவிடுங்கள்.