செயலி புதியவருக்கு எளிதா? பத்து வாக்கியங்களில் அளக்கலாம்

எங்கள் தெரு மகளிர் குழுவுக்குச் சேமிப்பு, கடன் கணக்கு எழுத ஒரு சின்னச் செயலி செய்து கொடுத்தேன். "எப்படிக்கா இருக்கு?" என்றால் "நல்லாத்தான் இருக்கு தம்பி" என்பார்கள். நான் தெருமுனை திரும்பியதும் பழைய நோட்டு வெளியே வந்துவிடும். சரி, அளந்தே பார்த்துவிடுவோம் என்று எஸ்.யூ.எஸ். (System Usability Scale) அளவுகோலை எடுத்தேன். ஒரு பொருள் பயன்படுத்த எவ்வளவு எளிது என்று பயனரிடமே கேட்டு அளக்கும் வினாத்தாள் இது. 1986இல் ஜான் புரூக் உருவாக்கியது. பத்து வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் 1 (ஒப்பவே மாட்டேன்) முதல் 5 (முழுக்க ஒப்புகிறேன்) வரை. இணையத்தில் தேடினால் கிடைக்கும்.

1. முதலில் ஒரு வேலை கொடுங்கள்: "சரசக்கா கட்டின 200 ரூபாயை ஏத்துங்க." அவர் திணறும்போது வாயைத் திறக்காதீர்கள்.

2. முடித்த கையோடு தாளும் பென்சிலும் கொடுங்கள். கூகுள் ஃபார்ம் வேண்டாம், அதிலும் திணறினால் எதை அளந்தோம் என்றே தெரியாது.

3. மதிப்பெண். நான் சறுக்கிய இடம் இதுதான். பத்தையும் அப்படியே கூட்டிவிட்டேன். ஒற்றைப்படை வாக்கியங்கள் பாராட்டு, இரட்டைப்படை குறை! ஒற்றைப்படையில் போட்ட எண்ணிலிருந்து 1 கழிக்க வேண்டும். இரட்டைப்படையில் 5இலிருந்து போட்ட எண்ணைக் கழிக்க வேண்டும். கூட்டி 2.5ஆல் பெருக்கினால் 100க்கு இத்தனை என்று வரும்.

ஒரு அக்கா போட்டது வரிசையாக: 4, 2, 5, 4, 4, 1, 3, 2, 4, 4. ஒற்றைப்படையில் 15, இரட்டைப்படையில் 12. மொத்தம் 27, அதாவது 67.5. பொதுவாகச் சொல்லப்படும் சராசரி 68. பரவாயில்லை என்று நினைத்தேன்.

4. அங்கேயே நின்றுவிடாதீர்கள். நான்காவது வாக்கியம் 'யாராவது தெரிந்தவர் துணை வேண்டும்', பத்தாவது 'தொடங்கும் முன் நிறையக் கற்க வேண்டியிருந்தது'. இந்தத் துறை ஆய்வாளர்கள் ஜேம்ஸ் லூயிஸும் ஜெஃப் சாரோவும் 2009இல் இந்த இரண்டையும் கற்கும் எளிமைக்கெனப் பிரித்துக் காட்டினார்கள். இரண்டின் கழித்த மதிப்பைக் கூட்டி 12.5ஆல் பெருக்குங்கள். அந்த அக்காவுக்கு வந்தது 100க்கு 25!

காரணம் அற்பம். தொகையைத் தட்டியதும் எழும்பும் விசைப்பலகை 'சேமி' பொத்தானை மூடிவிடுகிறது. ஒவ்வொரு முறையும் மகளைக் கூப்பிட்டிருக்கிறார்.

பின்சேர்க்கை: "எல்லாத்துக்கும் 5 போட்டுக் கொடுத்துட்டாங்க, 50 வருதே?" என்று ஒருவர் கேட்டிருந்தார். கணக்குச் சரிதான், தாள்தான் செல்லாது. மரியாதைக்குப் போட்ட ஐந்து அது. இப்போதெல்லாம் செயலி செய்தது நான் என்றே சொல்வதில்லை; தாளை நீட்டுவது என் தங்கை.