மெல்லும்போது மூளைக்கு என்ன போகிறது? வீட்டில் செய்து பார்க்க மூன்று சோதனைகள்

ஒரு வாய் சாப்பாட்டை மெல்லும்போது நமக்குத் தெரிவது "நன்றாக இருக்கிறது" என்ற ஒற்றை உணர்வுதான். மூளைக்குப் போகும் வழிகளோ பல. சுவையை, மூளையோடு நேராக இணையும் கபால நரம்புகளில் 7, 9, 10-ஆம் நரம்புகள் கொண்டுபோகின்றன. தொடுகை, அழுத்தம், சூடு, மிளகாயின் எரிச்சல் இவையெல்லாம் பெரும்பாலும் 5-ஆம் நரம்பான ட்ரைஜெமினல் வழியாகப் போகின்றன. வாசனைக்கு மூக்கு, மொறுமொறுப்புக்குக் காது. ஒரு வழியை அடைத்துப் பார்த்தால் அதன் பங்கு பிடிபடும்.

முதலில் மூக்கு. 1 டீஸ்பூன் சர்க்கரையில் கால் டீஸ்பூன் பட்டைத்தூள், சில சொட்டுத் தண்ணீர் சேர்த்துப் பிசையுங்கள். உலர்ந்த தூளாகப் போட்டால் புரையேறும். மூக்கை இறுகப் பிடித்துக்கொண்டு, அதன்பிறகே ஒரு சிட்டிகை வாயில் போட்டு 10 முறை மெல்லுங்கள். இனிப்பும் மெல்லிய காரமும்தான் தெரியும். விழுங்காமல் மூக்கை விட்டு, மூச்சை அதன் வழியே வெளியே விடுங்கள். பட்டை மணம் சட்டென்று எழும்.

அந்த மணம் அண்ணத்தின் பின்புறமாக மேலேறி மூக்கை அடைந்தது. நாக்கில் ஏதோ தொட்டுக்கொண்டிருப்பதால் மூளை அந்த மணத்தையும் வாயின் கணக்கிலேயே எழுதிவிடுகிறது. ஜலதோஷத்தில் ரசம் சப்பென்று இருப்பதற்கும் மணம் போகும் இந்த வழி அடைபடுவதுதான் காரணம். நாக்கின் மேல் பழி போடுவது தவறு. சோதனை சரியாக வராவிட்டால், வாயில் போட்ட பிறகு மூக்கைப் பிடித்திருப்பீர்கள்.

அடுத்தது பல். கண்ணை மூடிக்கொள்ளுங்கள். கழுவிய தலைமுடி ஒன்றை இன்னொருவர் உங்கள் மேல், கீழ் முன்பற்களுக்கு நடுவே சில முறை வைக்கட்டும், சில முறை வைக்காமல் விடட்டும். முடியின் தடிமன் 0.1 மில்லிமீட்டருக்குள்தான், ஆனாலும் கடித்ததும் முடி இருக்கிறதா இல்லையா என்று பெரும்பாலும் சரியாகச் சொல்லிவிடுவீர்கள். பல்லைத் தாடை எலும்போடு கட்டியிருக்கும் நார்த்திசுவில் உள்ள உணர்விகளின் வேலை இது. இவை மிகக் குறைந்த அழுத்தத்தில்தான் கூர்மையாக இருக்கும். எனவே அழுத்திக் கடித்தால் சோதனை கெடும். பட்டும் படாமலும் கடியுங்கள். தாடை எலும்பில் பதித்த செயற்கைப் பல்லில் (இம்ப்ளான்ட்) இந்த நார்த்திசு இல்லாததால் அங்கே உணர்வு மந்தமாக இருக்கும்.

இந்த உணர்விகள் சிலவற்றின் நரம்பணு, மூளையின் அடிப்பகுதியான மூளைத்தண்டுக்குள்ளேயே இருக்கிறது. மற்ற தொடு உணர்வு நரம்பணுக்கள் மூளைக்கும் தண்டுவடத்துக்கும் வெளியே முடிச்சுகளில் இருக்கும்போது, இது அபூர்வமான அமைப்பு. சோற்றில் கல் கடிபட்டால் "கல்" என்று நினைப்பதற்குள் தாடை நின்றுவிடுகிறதே, அந்த அனிச்சைச் செயல் மூளைத்தண்டிலேயே முடிந்துவிடுகிறது. மெல்லும் தாளத்தை ஓட்டுவதும் அங்கேதான்.

கடைசியாகக் காது. ஹெட்போனில் மிதமான ஒலியில் 'ஸ்ஸ்' என்ற ரேடியோ இரைச்சலை ஓடவிட்டு அப்பளம் கடியுங்கள். பிறகு ஹெட்போனைக் கழற்றிவிட்டு அதே அப்பளத்தைக் கடியுங்கள். முதல் கடியில் அப்பளம் நமுத்ததுபோல் படலாம். 2004-இல் வெளியான ஆய்வில் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் சாம்பினியும் ஸ்பென்ஸும் இதைத் தலைகீழாகச் செய்தார்கள்: உருளைக்கிழங்கு சிப்ஸ் கடிக்கும் சத்தத்தின் உயர் அதிர்வெண்களைக் கூட்டியதும், அதைக் கடித்தவர்கள் அதிக மொறுமொறுப்பு என்றார்கள். விரலால் காதை அடைத்துச் செய்யாதீர்கள். எலும்பு வழி வரும் கனத்த சத்தம் அப்போது கூடிவிடும்.

பல் மருத்துவரிடம் மரத்துப்போகும் ஊசி போட்ட அன்று, மரப்பு முழுதும் விலகும்வரை இவற்றைச் செய்ய வேண்டாம், எதையும் மெல்லவும் வேண்டாம். உதடும் கன்னமும் எங்கே இருக்கின்றன என்ற செய்தி வராததால் அவற்றையே கடித்துக்கொள்வீர்கள். குழந்தைகளைக் கூடவே இருந்து கவனியுங்கள்.