பழைய காரின் பெட்ரோல் டேங்க்: சீரமைப்பிலும் பொருத்துவதிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அம்பாசடர், பிரீமியர் பத்மினி போன்ற கார்களை மீட்டெடுப்பவர்கள் எஞ்சினுக்கும் பெயிண்டுக்கும் தரும் கவனத்தில் பாதியைக்கூடப் பெட்ரோல் டேங்குக்குத் தருவதில்லை. ஆண்டுக்கணக்கில் ஓடாமல் நின்ற வண்டியின் டேங்கைக் கழற்றி, உள்ளே ஏதாவது ஒரு சீலரை (உட்புறத்தில் படிந்து இறுகும் பூச்சை) ஊற்றிக் குலுக்கி, வெளியே கறுப்புப் பெயிண்ட் அடித்து மாட்டிவிட்டால் போதும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. சில மாதங்களில் கார்பரேட்டரில் துருத்தூள் சேர்வதும், ஓடும் வண்டி திணறி நிற்பதும், டிக்கியில் பெட்ரோல் வாடை வீசுவதும் பெரும்பாலும் இந்த அவசரத்தின் விளைவுகளே. தகடு எந்த நிலையில் இருக்கிறது என்று அறியாமல் அதன்மேல் எதையும் பூசக்கூடாது.

கழற்றும்போதே உயிருக்கு ஆபத்தான தவறு ஒன்று நடக்கிறது. பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று, நான்கு மடங்கு கனமானது என்பதால் மேலே எழுந்து கலைந்துவிடாமல் தரையோடு பரவிப் பள்ளத்தில் தேங்கும். ஷெட்டில் பள்ளத்தின்மேல் வண்டியை நிறுத்தி, கையில் பல்பு விளக்கைப் பிடித்துக்கொண்டு பெட்ரோலை வடிப்பது பல இடங்களில் வழக்கமாக இருந்தாலும் அதை ஒருபோதும் செய்யாதீர்கள். பேட்டரி இணைப்பை முதலில் கழற்றிவிட்டு, திறந்தவெளியில், மூடியுள்ள உலோகக் கேனில் வடிக்க வேண்டும்.

காலி டேங்க் பாதுகாப்பானது என்ற நம்பிக்கை இதைவிடக் கொடியது. காற்றில் ஏறத்தாழ 1.4 முதல் 7.6 சதவீதம் வரை பெட்ரோல் ஆவி கலந்திருந்தால் அது தீப்பற்றும். வடித்துவிட்ட டேங்கில் அந்தக் கலவை எளிதில் உருவாகிவிடுகிறது. மடிப்புகளிலும் அடியில் உறைந்த பிசினிலும் ஒளிந்திருக்கும் பெட்ரோல் ஒருமுறை தண்ணீர் ஊற்றிக் கழுவினால் போகாது, வெல்டிங் சூடு பட்டதும் ஆவியாகி வெளியே வரும். ஓட்டை அடைக்கும் வேலையை, டேங்க் பற்றவைப்பில் பழக்கமுள்ள ரேடியேட்டர் கடைக்காரரிடம் ஒப்படைப்பதே சரி. அவரும் டேங்கைச் சோப்புநீரால் பலமுறை கழுவி, பற்றவைக்கும் இடம் தவிர மற்ற பகுதியில் தண்ணீரையோ ஆர்கான் போன்ற மந்த வாயுவையோ நிரப்பிய பிறகுதான் வேலையைத் தொடங்குகிறாரா என்று நின்று பாருங்கள்.

துருவை அகற்றக் கழிப்பறை ஆசிட்டை ஊற்றுபவர்கள் இருக்கிறார்கள். அந்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் துருவோடு நல்ல இரும்பையும் தின்று, மெலிந்த இடங்களை ஓட்டையாக்கிவிடும். காய்வதற்குள் புதிய துருவும் படரும். லிட்டருக்கு 50 கிராம் அளவில் கரைத்த சிட்ரிக் அமிலம் மெதுவாக வேலை செய்தாலும் தகட்டை அவ்வளவு வதைக்காது. எதைப் பயன்படுத்தினாலும், சலவைச் சோடா கரைசலால் அமிலத்தை முறித்து, நீரால் அலசி, உடனே வெப்பக் காற்று வீசும் கருவியால் உலர்த்த வேண்டும். வெயிலில் காயட்டும் என்று விட்டால் மாலைக்குள் உட்புறம் செம்மஞ்சளாகிவிடும். கெட்டியான துருவை உதிர்க்க உள்ளே நட்டுகளைப் போட்டுக் குலுக்குபவர்கள், தடுப்புத் தகடுகளின் பின்னால் அவற்றில் ஒன்றிரண்டு சிக்கிக்கொள்ளக்கூடும் என்பதை மறந்துவிடுகிறார்கள். ஒரு முனை வெளியே கட்டப்பட்ட சங்கிலியில் அந்தத் தொல்லை இல்லை. பழைய டேங்குகள் பலவற்றில் ஈயமும் வெள்ளீயமும் கலந்த பூச்சு உண்டு என்பதால், வெளிப்புறத்தை உலர்ந்த நிலையில் தேய்த்துத் தூசியைச் சுவாசிக்கக்கூடாது.

ஓட்டை எங்கே என்று தேடும்போது எல்லோரும் அடிப்பாகத்தையே பார்க்கிறார்கள். தண்ணீர் தேங்குவதால் உள்ளிருந்து அரிப்பது அங்கேதான் என்றாலும், வெளியிலிருந்து அரிப்பது பெரும்பாலும் மேல்பக்கத்தில், டேங்குக்கும் பாடிக்கும் இடையே ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும் கம்பளிப் பட்டைகளின் கீழேதான். ஆவி முழுவதும் நீங்கி உலர்ந்த டேங்கினுள் சிறிய எல்இடி விளக்கை இறக்கி, இருட்டறையில் வைத்துப் பார்த்தால் ஊசிமுனை ஓட்டைகளும் தெரியும். சென்னை புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் டேங்க் வாங்குபவர்களும் மேல்பக்கத்தைக் கூரிய கம்பியால் குத்திப் பார்த்துவிட்டே விலை பேச வேண்டும்.

காற்றழுத்தச் சோதனையில் கம்ப்ரசரை நேராகச் செருகுவது டேங்கைப் பாழாக்கும். 0.2 பார் என்பது மிகச் சிறிய அழுத்தமாகத் தோன்றினாலும், 30 செ.மீ.க்கு 40 செ.மீ. அளவுள்ள தட்டையான பக்கத்தின்மேல் அது சுமார் 240 கிலோ எடைக்கு நிகரான விசையாகிவிடும். சைக்கிள் பம்பால் அதைவிடவும் குறைவாக அழுத்தம் கொடுத்து, இணைப்புகளில் சோப்புநீர் தடவிக் குமிழி பாருங்கள்.

இனி சீலர். தகடு உறுதியாக இருந்து, துரு மட்டுமே கவலை என்றால், பல டேங்குகளுக்கு அது தேவையே இல்லை என்பது என் உறுதியான கருத்து. தளர்ந்த துருவின்மேலோ எண்ணெய்ப் பிசுக்கின்மேலோ ஊற்றிய சீலர் ஏடு ஏடாக உரிந்து, வெளியேறும் குழாயையும் சல்லடையையும் அடைக்கும். எத்தனாலைத் தாங்காத பழைய வகைச் சீலர்கள் கரைந்து களியாகிவிடும். இந்தியாவில் 2022-இல் பெட்ரோலில் எத்தனால் 10 சதவீதத்தை எட்டி, 2025-இல் 20 சதவீதத்தை அடைந்துவிட்ட நிலையில் இதைப் பார்க்காமல் பொருள் வாங்குவது பணத்தை வீணாக்குவதாகும். பூச வேண்டியிருந்தால், எத்தனாலைத் தாங்கும் என்று குறிக்கப்பட்ட இரண்டு பாகங்களைக் கலந்து ஊற்றும் எபாக்ஸி சீலரையே தேர்ந்தெடுங்கள். பெட்ரோல் அளவை மீட்டருக்குத் தெரிவிக்கும் மிதவைக் கருவியைக் கழற்றிவிட்டு, குழாய்த் துளைகளையும் காற்றுத் துளையையும் பாதுகாத்து, தயாரிப்பாளர் சொல்லும் நேரம் முழுவதும் இறுக விடுங்கள்.

இதே எத்தனால் பழைய ரப்பர் ஹோஸ்களையும் கார்க் மிதவைகளின் அரக்குப் பூச்சையும் கெடுக்கும். பார்ப்பதற்கு நன்றாக இருக்கிறது என்று பழைய ஹோஸையே மாட்டுவது பொய்ச் சிக்கனம். எரிபொருள் ஹோஸ்களுக்கான எஸ்ஏஇ ஜே30 ஆர்9 (SAE J30R9) தரமுள்ள ஹோஸும், ரப்பரை வெட்டாத உருளை விளிம்புள்ள கிளாம்புகளும் பயன்படுத்துங்கள். பித்தளை மிதவையை வெந்நீரில் அமிழ்த்தினால், மயிரிழை வெடிப்பிலிருந்தும் குமிழி கிளம்பும். மிதவைக் கருவியின் கேஸ்கெட்டில் சாதாரண சிலிக்கான் பசையைத் தடவாதீர்கள். பெட்ரோலில் ஊறி வீங்கி, துணுக்குகளாக உதிரும்.

பொருத்தும்போது, அழகுக்காக எல்லாப் பரப்பிலும் பெயிண்ட் அடித்துவிட்டு எர்த் இணைப்பு தொடும் இடத்தைச் சுரண்டாமல் விடுவதால்தான் பெட்ரோல் மீட்டர் தவறாகக் காட்டுகிறது. டேங்கை உயர்த்தும் முன்பே மிதவையைக் கையால் மேலும் கீழும் நகர்த்தி முள்ளைப் பாருங்கள். கம்பளிக்குப் பதிலாக, தண்ணீரை உறிஞ்சாத ரப்பர் பட்டையை வையுங்கள். மூடியிலோ குழாயிலோ உள்ள காற்று வழி அடைபட்டிருந்தால் பெட்ரோல் குறையக் குறைய உள்ளே வெற்றிடம் உருவாகி, சிறிது தூரம் ஓடியதும் வண்டி நின்றுவிடும். பம்பையும் கார்பரேட்டரையும் கழற்றிக் கொட்டுவதற்கு முன் மூடியைத் தளர்த்திப் பார்த்தாலே காரணம் தெரிந்துவிடும்.

முதல் நாளே கழுத்துவரை நிரப்பாதீர்கள். ஐந்து லிட்டர் ஊற்றி, ஒரு மணி நேரம் விட்டு, எல்லா இணைப்புகளையும் வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்த்த பிறகு வண்டியை ஸ்டார்ட் செய்யுங்கள். ஒளிபுகும் ஃபில்டர் ஒன்றைப் பம்புக்கு முன்னால் போட்டு, அதில் பழுப்பு நிறம் தெரிந்தால் நெடுந்தூரம் போகாமல் டேங்கை மறுபடியும் இறக்கிப் பாருங்கள்.